மறு: ‘டிலே’ – எதிரொலியா, காலத்தாழ்வா, பின்னொலியா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அயர்லாந்து ராக் இசைக்குழுவான யூ2வைப் பற்றி நாம் எழுதும் கட்டுரையில் ‘டிலே’ (delay) என்பதை, அதாவது வாசித்த ஒலியைச் சற்று நேரம் கழித்துத் திருப்பித் தரும் மின்னணு விளைவைத் தமிழில் எப்படி எழுதுவது என்று தொடங்கிய இழை நன்றாகவே போகிறது. எதிரொலியே போதும் என்று ஐயா ஒருவர் எழுதியிருந்தார். காலத்தாழ்வு என்று இன்னொருவர். இரண்டிலும் எனக்கு உடன்பாடு இல்லை, ‘பின்னொலி’ என்பதே என் பரிந்துரை. காரணம் அந்தக் குழுவின் இசையிலேயே இருக்கிறது.

முதலில் எதிரொலி. அது சுவரோ மலையோ திருப்பி அனுப்புவது. எவ்வளவு நேரத்தில் திரும்பும் என்பதைத் தூரம்தான் முடிவு செய்கிறது. டிலேயில் அந்த நேரத்தை முடிவு செய்பவர் கலைஞர். நிமிடத்துக்கு 120 தாள அடி (beat) ஓடும் ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். ஓர் அடிக்கு அரை நொடி, அதாவது 500 மில்லிநொடி. யூ2வின் கிதார் கலைஞர் எட்ஜ் பெரும்பாலும் அதில் முக்கால் பங்கை, 375 மில்லிநொடியை வைப்பார். இதை இயற்கை எதிரொலியாகப் பெற வேண்டுமானால் சுமார் 65 மீட்டர் தள்ளி ஒரு சுவர் வேண்டும். பாட்டின் வேகம் மாறினால் சுவரையும் நகர்த்த வேண்டும்!

ஏன் முக்கால்? நம் கணக்கில் சொன்னால் எளிது. ஓர் அடியை நான்கு மாத்திரையாகப் பிரியுங்கள். எட்ஜ் முதல் மாத்திரையிலும் மூன்றாவதிலும் மட்டும் மீட்டுகிறார். கருவி ஒவ்வொன்றையும் மூன்று மாத்திரை கழித்துத் திருப்பித் தருகிறது. முதலாவது திரும்பி வந்து நான்காவதில் விழும். மூன்றாவது திரும்பி வந்து அடுத்த அடியின் இரண்டாவதில் விழும். அவர் வாசித்தது இரண்டு, நாம் கேட்பது நான்கு. இடைவெளியே இல்லாமல் ஓடும் அந்தக் கிதார் இப்படித்தான் பிறக்கிறது. ‘புள்ளியிட்ட எட்டாம் சுர டிலே’ என்று ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. ‘மும்மாத்திரைப் பின்னொலி’ என்றால் மிருதங்கம் பழகும் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

காலத்தாழ்வு என்றால் ஏதோ பிழை நேர்ந்துவிட்ட தொனி வருகிறது. ரயில் தாமதம் போல. இங்கே தாமதம் பிழையே இல்லை, அதுதான் இசை. இந்தக் குழு வளர்ந்த கதையைப் பார்த்தாலே தெரியும். 1976இல் டப்ளினின் மவுண்ட் டெம்பிள் பள்ளி அறிவிப்புப் பலகையில் லாரி மல்லன் ஒட்டிய தாளைப் பார்த்துச் சேர்ந்த பையன்கள் இவர்கள். முதல் ஒத்திகை லாரி வீட்டுச் சமையலறையில். வாசிப்பில் பெரிய தேர்ச்சி யாருக்கும் கிடையாது. எட்ஜ் ‘மெமரி மேன்’ என்ற டிலே பெட்டியை வாங்கிய பிறகு, ஒற்றைக் கிதார் இரண்டு பேர் வேலையைச் செய்யத் தொடங்கியது. 1980இல் வந்த ‘பாய்’ தொகுப்பிலேயே அந்த ஒலி இருக்கிறது. 1984இல் பிரையன் ஈனோவும் டேனியல் லான்வாவும் தயாரிப்புக்கு வந்தார்கள், ஒலி இன்னும் விரிந்தது. 1987இன் ‘ஜோஷ்வா ட்ரீ’ தொகுப்பின் முதல் பாட்டில் கிதார் மும்மை நடையில் நுழைந்து நான்மை நடைக்கு மாறும் இடம் எனக்கு இன்றும் சிலிர்க்கும். அந்தப் பாட்டோடு மல்லுக்கட்டி அலுத்துப்போன ஈனோ ஒலிப்பதிவு நாடாவையே அழித்துவிடத் துணிந்தார் என்பது பிரபலமான கதை.

அப்புறம் 1990இல் பெர்லின் போனார்கள். ஹான்சா ஒலிப்பதிவுக்கூடத்தில் குழுவே உடையும் அளவுக்குச் சண்டை. 1991இல் ‘ஆக்டங் பேபி’ தொகுப்பு வந்தபோது மணிபோல் ஒலித்த கிதார் கரகரப்பாகியிருந்தது. 2000இல் பழைய ஒலிக்குத் திரும்பலாமா என்று தங்களுக்குள் வாதாடித்தான் ‘பியூட்டிஃபுல் டே’ பாட்டை முடித்தார்கள். ஒரு குழுவின் பல ஆண்டு வளர்ச்சியை ஒரு கருவியின் ஒலியை வைத்தே சொல்ல முடிகிறது என்றால், அந்த ஒலிக்குச் சொந்தமாக ஒரு சொல் வேண்டும்தானே? ‘எதிரொலி’யை இரவல் கொடுத்தால், மண்டபத்தில் உண்மையிலேயே எதிரொலி கேட்டதை எழுதும்போது திண்டாடுவோம்.

எனவே என் முன்மொழிவு: விளைவுக்குப் பின்னொலி, கருவிக்குப் பின்னொலிப்பான், நேர அளவுக்குப் பின்னொலி இடைவெளி. ‘பின்னொலித்தார்’, ‘பின்னொலிக்கும் கிதார்’ என்று வினையாகவும் வளைகிறது. பின்னணிக் குரலோடு குழம்பும் என்ற ஆட்சேபத்தை யோசித்தேன். ‘பின்னணி’ தனியே வேரூன்றிவிட்டதால் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். ஒலி நின்ற பிறகும் மண்டபத்தில் நீடிக்கும் முழக்கமான ரிவெர்புக்கு (reverb) இயற்பியல் பாடநூலின் எதிர்முழக்கம் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

ஒலி எத்தனை முறை திரும்ப வேண்டும் என்று தீர்மானிக்கும் திருகுக்கு ‘ஃபீட்பேக்’ என்று பெயர். மின்னணுவியலில் பழகிய பின்னூட்டமே இதற்குப் பொருந்தும். யூ2 முதலில் வைத்துக்கொண்ட பெயரும் ‘ஃபீட்பேக்’தான் என்பதால், கட்டுரையில் அந்த இடத்தில் ஒரு வரி விளக்கமும் சேர்க்கலாம்.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. மெமரி மேன் போன்ற பழைய அனலாக் பெட்டிகளில் ஒலி திரும்பத் திரும்ப மங்கிக்கொண்டே போகும். எட்ஜ் பின்னாளில் எடுத்த கோர்க் டிஜிட்டல் கருவியில் தெளிவாக நிற்கும். இவற்றுக்கு ‘மங்குபின்னொலி’, ‘தெளிபின்னொலி’ சரிவருமா? ஒலிப்பதிவுக்கூடத்தில் வேலை செய்யும் நண்பர்கள் சொன்னால் நல்லது. வலுவான மறுப்பு வராவிட்டால், கட்டுரையில் பின்னொலி என்றே ஏற்றிவிடுகிறேன்.