சைலன்சரை மாற்றியபின் அணையாத எஞ்சின் விளக்கு

அல்சூர்வாசி: என் பெட்ரோல் காரின் சைலன்சரையும் அதற்கு முன்னுள்ள குழாயையும் இங்கே பெங்களூரில் மாற்றியபின் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனர் பி0420 என்று காட்டுகிறது. அழித்தாலும் திரும்ப வருகிறது. நிரந்தரமாக அணைப்பது எப்படி?

ஜெயநகர் பொறியாளர்: ஐயா, அது புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைந்ததைச் சுட்டும் குறியீடு. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் உள்ள ஆக்சிஜன் சென்சார்களின் அளவீடுகளை ஒப்பிடும் காரின் கணினி, பின் சென்சாரின் மின்னழுத்தமும் முன்னதைப் போலவே ஏறி இறங்குவதைக் கண்டால், கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை என்று முடிவுசெய்கிறது. ஸ்கேனரால் அழிப்பதும் பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும் பதிவை மட்டுமே நீக்கும். புதுக் குழாயில் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பனசங்கரி ரவி: இருந்தால், குழாய் இணைப்புகளில் கசிவு உண்டா என்றும் சோதியுங்கள்; உள்ளே புகும் வெளிக்காற்று சென்சாரை ஏமாற்றிவிடும்.

ஜெயநகர் பொறியாளர்: பின் சென்சாரைத் தள்ளிவைக்கும் ஸ்பேசரைச் சிலர் பரிந்துரைப்பார்கள். விளக்கு அணையலாம், நச்சுப்புகை குறையாது. காற்று மாசு விதிகளை மீறும் வண்டியை ஓட்டினால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி 10,000 ரூபாய் வரை அபராதமோ 3 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அல்சூர்வாசி: பார்த்தேன், கன்வெர்ட்டர் இல்லை. பழைய குழாய் கடையிலேயே இருப்பதால், அதையே மீண்டும் பொருத்தச் சொல்லியிருக்கிறேன்.