‘ஆன் ஃபர்ஸ்ட் நேம் டெர்ம்ஸ்’ என்ற தொடரை விண்ணப்பத்தில் எழுதலாமா?

கேள்வி (ஆய்வு மாணவி)

வணக்கம். பிரிட்டனில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். நெறியாளராக இருக்க இசைந்துள்ள பேராசிரியர், தம் மின்னஞ்சல்களின் கீழே குடும்பப் பெயரை விட்டுவிட்டு முதற்பெயரை மட்டுமே எழுதுகிறார். என்னையும் அப்பெயராலேயே தம்மை அழைக்கச் சொல்லிவிட்டார். எனவே நாங்கள் இருவரும் ‘ஆன் ஃபர்ஸ்ட் நேம் டெர்ம்ஸ்’ என்று நோக்க அறிக்கையில் எழுதினால், எங்களுக்குள் நல்ல அறிமுகம் உண்டு என்பதைச் சேர்க்கைக் குழுவினர் புரிந்துகொள்வார்கள் என்று எண்ணினேன். என் தோழியோ ‘டெர்ம்ஸ்’ தவறு, ‘பேசிஸ்’ என்பதே சரி என்கிறாள். எது சரி? இத்தொடர் இந்த இடத்துக்குப் பொருந்துமா?

மறுமொழி (ஆங்கில ஆசிரியர்)

இரண்டும் சரியே. பிரிட்டனில் ‘டெர்ம்ஸ்’ என்பதும், அமெரிக்காவில் ‘ஆன் எ ஃபர்ஸ்ட் நேம் பேசிஸ்’ என்பதும் பெருவழக்கு. ‘டெர்ம்ஸ்’ எப்போதும் பன்மையில் வரும், அதற்கு முன் ‘எ’ வராது. ‘பேசிஸ்’ ஒருமை என்பதால் ‘எ’ கட்டாயம் வேண்டும். நம்மவர்கள் பலர் ‘ஆன்’ வர வேண்டிய இடத்தில் ‘இன்’ என்று எழுதிவிடுகிறார்கள், அது பிழை. யாரோடு என்று சொல்ல ‘வித்’ சேர்க்க வேண்டும். ஒருவரையொருவர் முதற்பெயரால் அழைக்குமளவு பழகியவர்கள் என்பதே பொருள் என்பதால், உங்கள் அறிக்கையிலும் இதைத் தாராளமாக எழுதலாம்.

மறுமொழி (மொழிபெயர்ப்பாளர்)

ஆசிரியர் சொன்ன இலக்கணத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ‘தாராளமாக எழுதலாம்’ என்பதை ஏற்க இயலவில்லை. இரண்டு பேருக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கும் என்று கேட்பவர் எதிர்பார்க்கும் இடத்தில்தான் இத்தொடருக்கு உயிர் உண்டு. 1983 ஜனவரியில் வாஷிங்டன் சென்ற ஜப்பானியப் பிரதமர் யசுஹிரோ நகசோனேவும் அமெரிக்க அதிபர் ரொனால்டு ரீகனும் ஒருவரையொருவர் ‘ரான்’, ‘யாசு’ என்று அழைத்துக்கொள்ளத் தொடங்கியபோது, ஜப்பானியப் பத்திரிகைகள் அதைப் பெரும் செய்தியாக்கின. வீட்டுக்கு வெளியே குடும்பப் பெயரோடு ‘சான்’ என்ற மரியாதை ஒட்டைச் சேர்த்து விளிப்பதே வழக்கமான ஒரு நாட்டில், அதுவும் இரு அரசுகளின் தலைவர்களுக்கிடையே, அப்படி ஒரு விளி எவரும் எதிர்பாராதது. அந்த உறவைச் சொல்ல இத்தொடர் கச்சிதமாகப் பொருந்தியது.

பிரிட்டனிலும் இந்த இடைவெளி ஒரு காலத்தில் பெரிதாகத்தான் இருந்தது. அமைச்சரவைக் கூட்டங்களில் பதவிப் பெயரால் விளிப்பதே மரபாக இருக்க, 1997 மே மாதம் பிரதமரான டோனி பிளேர், முதல் கூட்டத்திலேயே தம்மை ‘டோனி’ என்று அழைக்கச் சொன்னார். அதே அமைச்சர்கள் நாடாளுமன்றக் கீழவையான காமன்ஸ் சபைக்குள் நுழைந்துவிட்டால், சக உறுப்பினரைப் பெயர் சொல்லாமல், இன்ன தொகுதியின் மாண்புமிகு உறுப்பினர் என்றுதான் குறிப்பிட வேண்டும். அந்த விதி இன்றும் மாறவில்லை. ஆக, எந்த இடத்தில் பேசுகிறோம் என்பதும் கணக்கில் வருகிறது. இன்றைய பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் நிலைமையே வேறு. அங்கே ஆய்வு மாணவர்கள் நெறியாளரை முதற்பெயரால் அழைப்பது அன்றாட நடைமுறை. அதை நீங்கள் தனியே எடுத்துச் சொன்னால், சேர்க்கைக் குழுவுக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. செல்வாக்கைக் காட்டிக்கொள்கிறார் என்ற எண்ணம் வேண்டுமானால் எழலாம்.

இன்னொன்று, இந்த உரிமை இரு பக்கமும் இருக்க வேண்டும். அக்கால ஆங்கிலேய வீடுகளில் எஜமானி பணிப்பெண்ணைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார். பணிப்பெண்ணோ ‘மேடம்’ என்றார். அதை எவரும் ‘ஃபர்ஸ்ட் நேம் டெர்ம்ஸ்’ என்று சொல்லமாட்டார்கள்.

சற்று விளையாட்டாகவும் இத்தொடரை ஆங்கிலத்தில் ஆள்வதுண்டு. மகன் அடிக்கடி விழுந்து கையை ஒடித்துக்கொள்கிறான் என்றால், அவசர சிகிச்சைப் பிரிவுச் செவிலியர்களோடு நாங்கள் ‘ஃபர்ஸ்ட் நேம் டெர்ம்ஸில்’ இருக்கிறோம் என்பார் தாய். அத்தனை தடவை போய் வந்தாயிற்று என்பது பொருள்.

மறுமொழி (ஆய்வு மாணவி)

இருவருக்கும் நன்றி. எங்கள் துறைத் தலைவர் என்னிடம் சொந்த அக்காவைப் போலப் பழகுகிறார். ஆனாலும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதை நினைத்துப் பார்க்கவே முடியாது. அந்தப் பழக்கத்தினால்தான் அயல்நாட்டுப் பேராசிரியர் பெயர் சொல்லச் சொன்னதும் அதைப் பெரிய நெருக்கமாக எடுத்துக்கொண்டேன் என்று தோன்றுகிறது. அப்படியானால் அறிக்கையில் வேறு எப்படி எழுதுவது?

மறுமொழி (பிரிட்டனில் பணிபுரிபவர்)

நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள், அம்மா. ஆய்வுத் திட்டத்தைப் பற்றி அவரோடு மின்னஞ்சலில் கலந்துபேசினீர்கள், அவர் வரைவைப் படித்துக் கருத்துச் சொன்னார், நெறியாளராக இருக்க இசைந்தார் என்றால், அந்த விவரங்களே போதும். குழுவினர் தேடுவதும் அவற்றைத்தான். அறிக்கையில் அவரைப் பேராசிரியர் என்ற பட்டத்தோடு முழுப்பெயராகக் குறிப்பிடுங்கள். அவருக்கு எழுதும் மின்னஞ்சலில் மட்டும், அவரே சொல்லிவிட்டபடியால், முதற்பெயரால் விளிக்கலாம். அதில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை. நீங்கள் மறுபடியும் மறுபடியும் ‘சார்’, ‘மேடம்’ என்று எழுதிக்கொண்டிருந்தால்தான் அவருக்குச் சங்கடமாக இருக்கும்.

உங்கள் பெயரையும் கவனியுங்கள். தலைப்பெழுத்தை விரித்துத் தந்தை பெயரை முன்னாலும் உங்கள் பெயரைப் பின்னாலும் எழுதினால், முன்னால் இருப்பதே முதற்பெயர் என்று எடுத்துக்கொண்டு உங்களைத் தந்தையின் பெயரால் கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். இங்கு வரும் நம் மாணவர்கள் பலருக்கு இது நேர்கிறது. ஒருமுறை பல்கலைக்கழகப் பதிவேட்டில் ஏறிவிட்டால், அடையாள அட்டை முதல் மின்னஞ்சல் முகவரி வரை அப்படியே தொடரும். படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே நிரப்புங்கள். பாஸ்போர்ட்டிலேயே பெயர்கள் முன்பின்னாக மாறியிருந்தால், எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறீர்கள் என்று கேட்கும் கட்டத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள். பேராசிரியருக்கு அனுப்பும் மின்னஞ்சலின் கீழே, அவரைப் போலவே, உங்கள் பெயரை மட்டும் தனியாக எழுதி முடியுங்கள்.