குடும்பக் குழு: ஹட்டனிலிருந்து கிளிநொச்சிக்கு மோட்டார் சைக்கிளில்

நான் (பி.ப. 7.05)
அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சி மாமாவின் வீடு குடிபுகுதலுக்கு இம்முறை பஸ்ஸில் வராமல், நானும் மனைவியும் மோட்டார் சைக்கிளிலேயே வருவதென்று முடிவு செய்திருக்கிறோம். கண்டி வழியாக 300 கிலோமீற்றருக்கு மேல் ஓடவேண்டும் என்பதால், முதுகும் கையும் கடுக்காமல் வந்து சேர என்ன செய்யலாம் என்று சின்ன மாமா சொன்னால் உதவியாக இருக்கும். சீட்டுக்கு மேல் போடும் மெத்தை ஒன்றை வாங்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

சின்ன மாமா (பி.ப. 7.31)
மெத்தையைப் பிறகு பார்ப்போம், மருமகனே. நம் மலைப்பாதையில் உடம்பு அவ்வளவாகக் கடுப்பதில்லை என்பதை நீயே கவனித்திருப்பாய். கினிகத்தேனையிலிருந்து நாவலப்பிட்டிக்கு இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் இடுப்பு நகர்கிறது, கால் கியரை மாற்றுகிறது, கை பிரேக்கைப் பிடித்து விடுகிறது. ஆகவே எந்தத் தசையும் நெடுநேரம் ஒரே நிலையில் இருப்பதில்லை. தம்புள்ளையைத் தாண்டி ஏ9 வீதி நேராக நீளும்போதுதான் ஒரே கியரும் ஒரே வேகமுமாக உடம்பு அப்படியே இறுகிவிடுகிறது. உட்காரும் எலும்புகள் அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் குறைந்து எரிச்சல் தொடங்குவது அங்கேதான். மெத்தை மிகவும் மென்மையாக இருந்தால் சிறிது நேரத்தில் அமுங்கி, எலும்பு மறுபடியும் கடினமான இடத்திலேயே போய் முட்டும்.

ஆகையால் வலி வந்த பிறகு நிறுத்தாமல், வருவதற்கு முன்பே நிறுத்து. மணிக்கு ஒருமுறை இறங்கி, ஐந்து நிமிடமாவது நடந்துவிட்டு ஏறு. மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி, வவுனியா என்று ஊர்கள் வரிசையாக வருவதால் இடம் தேடவேண்டியதில்லை. முறிகண்டிப் பிள்ளையாரிடம் எல்லோரும் எப்படியும் நிறுத்துவோம். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு, முதுகையும் நிமிர்த்திக்கொள்ளலாம்.

நான் (பி.ப. 7.44)
கண்டிக்குப் போய்வந்தாலே எனக்கு வலது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடுகின்றன, மாமா. அதற்கு என்ன காரணம்?

சின்ன மாமா (பி.ப. 8.02)
உள்ளங்கையின் வெளிப்பக்கமாக ஓடும் நரம்பு ஹேண்டிலில் அழுந்துவதால் அந்த இரண்டு விரல்களும் மரத்துப்போகும். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்தால், மணிக்கட்டின் நடுவே செல்லும் வேறொரு நரம்பு நெரிகிறது என்று பொருள். இரண்டுக்கும் பெரும்பாலும் உடம்பின் பாரத்தைக் கைகளில் ஊன்றி ஓட்டுவதே காரணம், அதிலும் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுவதும் முன்னே சரிகிறது. முழங்கால்களால் பெற்றோல் டாங்கியை அணைத்துப் பிடித்து, முழங்கையைச் சற்று மடக்கி, ஹேண்டிலை இறுக்காமல் பிடித்துப் பார். இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினால் வேகத்தைக் கட்டுப்படுத்தினால் பிரேக்கும் சூடேறாது, கைக்கும் ஓய்வு கிடைக்கும்.

இன்னொன்றையும் நாளைக்கே செய். வண்டியில் வழக்கமாக உட்காரும் விதத்தில் உட்கார்ந்து, விரல்களை நீட்டிக் கிளட்ச் பிடியின் மேல் வை. முன்கையும் விரல்களும் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்தால், பிடியைத் தாங்கும் ஆணியைச் சற்றுத் தளர்த்தி, பிடியைக் கீழே திருப்பி, மறுபடியும் இறுக்கு. பிரேக்கின் பிடியையும் அப்படியே சரிசெய். கராஜில் கால் மணி நேர வேலைகூட இல்லை. ஆனால் கடையில் விற்கும் எந்தப் பொருளும் இவ்வளவு பயன் தராது என்பது என் உறுதியான எண்ணம்.

பெரிய அத்தை (பி.ப. 8.10)
ஓட்டுகிறவனைப் பற்றியே பேசுகிறீர்கள். பின்னால் இருக்கப்போகும் பிள்ளையையும் நினையுங்கள். சேலை கட்டிக்கொண்டு ஒருபக்கமாக உட்கார்ந்தால் இடுப்பு முறுகிய நிலையிலேயே இருக்கும். அவ்வளவு தூரத்துக்கு அது ஆகாது, பாதுகாப்பும் இல்லை. சல்வார் அணிந்து இருபக்கமும் கால் போட்டு உட்காரட்டும், துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும். சேலையைப் பையில் மடித்துக்கொண்டு வந்து அங்கே கட்டிக்கொள்ளலாம்.

சின்ன மாமா (பி.ப. 8.19)
அக்கா சொல்வது முற்றிலும் சரி. அந்தப் பையையும் பிள்ளையின் தோளில் மாட்டாமல் பின் காரியரில் கட்டு, ஏனென்றால் தோளில் தொங்கும் பாரம் குழி விழும் இடத்திலெல்லாம் கழுத்தை இழுக்கும். பின் டயருக்கு இருவர் செல்லும்போது எவ்வளவு காற்று வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அதைச் சரிபார். பின் ஷொக்கின் ஸ்பிரிங்கையும் ஒரு படி கூட்டினால் தூக்கிப்போடுவது குறையும்.

நான் (பி.ப. 8.26)
உடுப்பு எப்படி, மாமா? இங்கே விடியற்காலையில் குளிர் அதிகமாக இருக்கிறது.

சின்ன மாமா (பி.ப. 8.41)
தடித்த ஜாக்கெட் ஒன்றை மட்டும் நம்பாமல், கழற்றக்கூடிய விதமாக இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகளை அடுக்கிப் போடு. ஆயிரம் மீற்றர் இறங்கினால் ஏறத்தாழ 6 பாகை வெப்பம் கூடும். ஹட்டனோ 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிறது, கிளிநொச்சி கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே. மாத்தளையில் ஒன்றைக் கழற்றவேண்டி வரும். ஆனால் வெயில் ஏறிவிட்டதென்று அரைக்கைச் சட்டையோடு ஓட்டாதே. வன்னியின் பகல் காற்று நம் தோலின் சூட்டுக்குக் கிட்ட வந்துவிடுவதால், வியர்வை உலர்வது மட்டுமே உடம்பைக் குளிர்விக்கும். காற்று அதை உடனுக்குடன் உலர்த்துவதால் எவ்வளவு நீர் போகிறதென்று தெரியாது. தலை வலித்து, கவனம் மங்கிய பிறகுதான் உணர்வாய். மெல்லிய முழுக்கைச் சட்டை போட்டு, நிறுத்தும் இடமெல்லாம் தண்ணீரோ செவ்விளநீரோ குடியுங்கள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச்சத்துத் தூளான ஜீவனிப் பொட்டலம் இரண்டு பையில் இருக்கட்டும்.

கிளிநொச்சி மாமா (பி.ப. 9.03)
மதியத்துக்குப் பிறகு மலையில் மழை பிடிக்கும் காலம் இது என்பதால், விடிந்தவுடன் புறப்பட்டுவிடுங்கள். இருட்டிய பிறகு ஏ9 வீதியில் மாடுகள் படுத்துக்கிடக்கும், காட்டுப்பக்கமாக யானையும் வரும். அப்போது களைத்த உடம்போடு ஓட்டக்கூடாது. பிந்திவிட்டால் வவுனியாவிலேயே தங்கிவிட்டு மறுநாள் காலையில் வாருங்கள், நான் அங்கே தெரிந்தவர்களிடம் சொல்லி வைக்கிறேன்.

நான் (பி.ப. 9.09)
நன்றி மாமா. நாளைக்குக் காலையிலேயே கராஜுக்குப் போய்ப் பிடிகளையும் ஷொக்கையும் சரிசெய்துவிட்டு, மனைவியையும் ஏற்றிக்கொண்டு நாவலப்பிட்டி வரைக்கும் ஓடிப் பார்த்துச் சொல்கிறேன்.