மகளின்ர ஹாக்கி ஸ்கேட்ஸ்: ஹோல்டரை மட்டும் மாத்தலாமா?

வணக்கம். கனடாவில ஸ்காபரோ, மார்க்கம் பக்கம் பிள்ளைகளை ஐஸ் ஹாக்கிக்குக் கூட்டிக்கொண்டு போற அம்மா அப்பாமாரிட்ட ஒரு உதவி.

மகளுக்கு 13 வயசு. பாதத்தின்ர முன்பக்கம் அகலம், குதிக்கால் ஒடுக்கம். இப்ப போடுற சிசிஎம் கொம்பனி பூட்ஸ் அவளுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி, குதி துளியும் எழும்பாது. இப்பிடிப் பொருந்துற ஒண்டைத் தேடிப் பிடிக்கிறது எவ்வளவு பாடு எண்டு உங்களுக்குத் தெரியும். ஆனா வலது கால் ஹோல்டர், அதாவது பூட்ஸுக்கு அடியில பிளேட்டைப் பிடிச்சிருக்கிற பாகம், வெடிச்சுப்போச்சு. அது போல்ட் கழட்டி பிளேடு மாத்திற பழைய வகை. அவள் கேக்கிறது பௌவர் கொம்பனியின்ர டூக் எட்ஜ் ஹோல்டர்: விசையை இழுத்தா பிளேடு கழண்டு வரும், ஆட்டத்துக்கு நடுவிலயே மாத்தலாம்.

ரெண்டு கொம்பனியின்ர ஹோல்டர் துளைகளும் ஒரே இடத்தில வராது. ஹோல்டரை பூட்ஸோட இறுக்கியிருக்கிற ரிவெட் ஆணியைக் கழட்டி, பழைய துளையை அடைச்சு, புதுசாத் துளைக்கவேணும். எனக்குப் பயம் அதிலதான். பிளேடு நடுவை விட்டுக் கொஞ்சம் விலகினாலும் கணுக்கால் ஒரு பக்கம் சாயும். ஹோல்டரின்ர உயரமும் சாய்வும் மாறினா அவளின்ர நிலையே மாறும். வளர்ற பிள்ளை.

இந்த வேலையை நிதானமாச் செய்யிற ஆக்களைத் தெரியுமா? ரிவெட் நல்லதா, போல்ட் நல்லதா? அடைச்ச துளையால தண்ணி இறங்கினதா? இல்லாட்டி அதே சிசிஎம் ஹோல்டரையே திரும்பப் போடுறது புத்தியா? ரெண்டு காலுக்கும் சேர்த்துத்தான் மாத்தப்போறன். செய்து பாத்தவை தயவுசெய்து சொல்லுங்கோ, சனிக்கிழமை ஆட்டம் இருக்கு.