டிராக் ஸ்ட்ரிப்ல (கால் மைல் நேர்கோட்டு ரேஸ் பாதை) மேனுவல் கார், எத்தனை ஆர்பிஎம்ல கிளட்ச் விடணும்?

முன்வீல்: ஃப்ரண்ட் வீல் டிரைவ் ஹேட்ச்பேக், டர்போ கிடையாது, சாதா ரோட்டு டயர்தான். 4500-ல வச்சு கிளட்ச்ச விட்டா டயர் கத்திக்கிட்டு அங்கேயே சுத்துது, சரின்னு 2000-ல விட்டா என்ஜின் அமுங்கிப் போயிடுது. ஒரு நம்பர் சொல்லுங்கப்பா.

ஃப்ளைவீல்: நம்பர்ல ஒண்ணும் இல்ல, ரெண்டு தடவையும் கிளட்ச்ச டப்புன்னு விட்டிருக்கீங்க, அதான் விஷயம். 3000 பக்கத்துல புடிங்க, கிளட்ச் கடிக்கிற இடம் வரைக்கும் சட்டுனு வந்து அங்க காலை ஒரு நொடி நிறுத்தி வழுக்க விடுங்க, கார் நகர நகர மீதியையும் விட்டுக்கிட்டே ஆக்ஸிலரேட்டர ஏத்துங்க. கிளட்ச் முழுசா வெளிய வராம ஃபுல் த்ராட்டில் வேண்டாம். டயர் லேசா கீச்சுன்னா சரியான அளவு. அப்புறம் ரன் முடிஞ்சதும் குடுக்குற டைம் ஸ்லிப்ல, முதல் 60 அடியக் கடக்க ஆன நேரத்த மட்டும் பாருங்க, அதுல 0.1 செகண்ட் குறைஞ்சா கால் மைல் முடிவுல சுமாரா 0.15 குறையும்.

டாப்கியர்தம்பி: இவ்ளோ எதுக்கு, நான் 5000-ல டம்ப்தான், அதாவது கிளட்ச்ச டப்புன்னு விட்டுடுவேன், ஜம்முனு போகுது

ஃப்ளைவீல்: உங்களுது ரியர் வீல், அதுவும் டிராக் டயர். கிளம்பும்போது எடை பின்னாடி சாயுறதால உங்களுக்கு பிடி கூடும், அவருக்கு அதே நேரத்துல குறையும். அவர் டம்ப் பண்ணா ஒண்ணு வீல் சுத்தும், இல்ல பிடிச்சுக்கிட்டா ஆக்ஸில் ஷாஃப்ட் போகும்.

மெக்கானிக்மாமா: முன் டயர்ல காத்த ரெண்டு மூணு பிஎஸ்ஐ குறைச்சுப் பாருங்க, ரொம்ப இறக்கிடாதீங்க. பர்ன்அவுட்டுக்கு (டயர நின்ன இடத்துலயே சுத்தி சூடாக்குறது) தண்ணி ஊத்தியிருக்கிற இடத்த சுத்திப் போங்க, ரோட்டு டயர் பள்ளத்துல தண்ணி தங்கி கிளம்புற இடமான ஸ்டேஜிங் லைன் வரைக்கும் வந்துரும். கருகல் வாடை வந்தா அடுத்த ரன்னுக்கு அவசரப்படாம கிளட்ச் ஆறட்டும்.

முன்வீல்: நன்றி. பச்ச லைட்டுக்கு லேட்டா ரியாக்ட் பண்றதுலயும் டைம் போகுதா?

ஃப்ளைவீல்: ஈடி-ல, அதாவது ஓடி முடிக்கிற நேரத்துல போகாது, முன் டயர் ஸ்டேஜ் பீம (கிளம்புற கோட்டுல இருக்கிற ஒளிக்கற்றை) விட்டு நகர்ந்தாதான் அந்த கடிகாரமே ஓட ஆரம்பிக்கும். பக்கத்து லேன்ல ஆள் இருந்து ஜெயிக்கணும்னாதான் ரியாக்‌ஷன் கணக்கு, அப்போ பச்சைக்கு முன்னாடி எரியுற கடைசி மஞ்சள் லைட்டப் பாத்தே கிளம்பணும். இப்போதைக்கு லைட்ட மறந்துட்டு இடது கால பழக்குங்க.