அடிக்கணக்குத் தாத்தா

ஊர் உறவுகள் எல்லாருக்கும் வணக்கம்.

வீராணம் ஏரி 47 அடியைத் தொட்டுவிட்டது என்று நேற்று செய்தியில் பார்த்தேன். துபாயில் உட்கார்ந்து படித்தாலும் அடிக்கணக்குத் தாத்தாவின் குரலில்தான் அது என் காதில் விழுந்தது. அவருடைய போட்டோ யார் வீட்டிலாவது இருந்தால் அனுப்புங்கள்.

இளசுகளுக்கு அவரைத் தெரிந்திருக்காது. சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோக என்று செய்து, அந்தப் பழைய திட்டம் நின்றுபோனதும் வருடக்கணக்கில் சாலையோரம் கிடந்தனவே ராட்சதக் குழாய்கள், அதில் ஒன்றில் குடியிருந்தார். ஒரு பக்கத்தைத் தென்னங்கீற்றால் அடைத்திருப்பார். உள்ளே ஒரு பானை, ஒரு பாய், கத்தியால் கோடு கீறிய மூங்கில் கழி. விடியுமுன் ஏரிக்குப் போய் அளவு பார்த்துவிட்டு வந்து, டீக்கடை வாசலில் நின்று "நாப்பத்தி நாலே கால்!" என்று ஒரே சத்தம். அவரை அந்த வேலைக்கு யாரும் வைக்கவில்லை. காசு நீட்டினால் வாங்க மாட்டார். லால்பேட்டைக் கொடிக்கால் வெற்றிலை நாலு கொடுத்தால் போதும்.

பைத்தியம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்போதே கோபம் வரும். ஏரியின் முழு அளவு 47.5 அடி. ஐப்பசி, கார்த்திகையில் அவர் "நாப்பத்தேழு" என்றால் அம்மா நெல் மூட்டையைப் பரண்மேல் ஏற்றச் சொல்லிவிடுவார். உபரித் தண்ணீரை வெள்ளியங்கால் ஓடையில் திறந்தால் நம் பக்கத்து வயல்தானே முழுகும்! தண்டோராவுக்கு முன்பே அவர் குரல் வந்துவிடும்.

கோடையில் ஏரிக்குள் மாடு மேயும். அப்போதும் தவறாமல் வந்து "அப்படியேதான் கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஆனால் அவரை நினைத்தாலே எனக்கு வடவாற்றங்கரைதான் கண்ணில் நிற்கிறது. கொள்ளிடத்துக் கீழணையில் தண்ணீர் திறக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் அது இருக்கும் அணைக்கரைக்கு நடந்தே கிளம்பிவிடுவார். வடவாற்றில் விட்ட முதல் தண்ணீரோடு கரையிலேயே நடந்து ஏரிவரை வருவார். ஏழாவது படிக்கும்போது ஓர் ஆடியில் கடைசி ரெண்டு மைல் நானும் கூட நடந்தேன். தண்ணீரின் தலையை அன்றைக்குத்தான் கிட்டத்தில் பார்த்தேன். பழுப்பு நுரை, சருகு, உருண்டையாக மிதந்து வரும் எறும்புக் கூட்டம். வெடிப்பு ஒவ்வொன்றிலும் இறங்கி, புஸ்ஸென்று காற்றை வெளியே தள்ளி, அது நிரம்பின அப்புறம்தான் அடுத்த முழம் நகரும். பொறுக்க முடியாமல் நான் முன்னால் ஓடினேன். கையைப் பிடித்து இழுத்தார்.

"அதுக்கு முந்திப் போவாதடா தம்பி. பின்னாலயே வா."

ஏரி வாய் வந்ததும் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, தண்ணீர் உள்ளே போகும்வரை ஒதுங்கி நின்றார்.