இறால் பிறையாக வளையும்போதே இறக்கிவிடுங்கள்

போன மாதம் ஒரு நாள் கொழும்பிலிருந்து மச்சாள் பிள்ளைகளோடு வருவதாகக் காலையில்தான் போன் எடுத்தா. வீட்டில் இருந்தது பருப்பும் நாலு கத்தரிக்காயும். ஓடிப்போய்ச் சந்தையில் முக்கால் கிலோ இறால் வாங்கினேன். கிண்ணியாப் பக்கத்துக் களப்பு இறால் என்றார் வியாபாரி. அவர் எதைக் காட்டினாலும் கிண்ணியா என்றுதான் சொல்வார். ஆனால் தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருந்தது, கெட்ட வாடையும் இல்லை. எனக்கு அது போதும்.

முன்கதை ஒன்று இருக்கிறது. கலியாணம் முடித்த புதிதில் மாமிக்கு இறால் பொரித்துக் கொடுத்தேன். இறைச்சி மாதிரி நல்லாய் அவிய வேண்டும் என்ற நினைப்பில் இருபது நிமிஷம் அடுப்பில் வைத்துவிட்டேன். மாமி ஒன்றை வாயில் போட்டு மென்றா, மென்றா, மென்றுகொண்டே இருந்தா. கடைசியில், "பல்லுக்கு நல்ல பயிற்சி பிள்ளை" என்றா.

சரி, இந்த முறை செய்தது இதுதான். ஓட்டை உடைத்து வாலை மட்டும் விட்டேன், தட்டில் எடுப்பாக இருக்கும் என்பதற்காக. கத்தி நுனியால் முதுகைக் கீறிக் கறுப்புக் குடலை இழுத்தெடுத்தேன். பிறகு பழைய வேட்டித்துண்டில் ஒவ்வொன்றாக ஒற்றினேன். ஈரம் இருந்தால் இறால் பொரியாது, தண்ணீர் விட்டு அவியும். உப்பு, மஞ்சள், மிளகுதூள் பிரட்டி வைத்தேன்.

தாச்சி நன்றாகச் சூடேறியதும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, இறாலை ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பினேன். முழுவதையும் ஒரேயடியாகக் கொட்டினால் சூடு இறங்கிவிடும், அதனால் இரண்டு தரமாகப் போட்டேன். ஒரு பக்கம் ஒன்றரை நிமிஷம். சாம்பல் நிறம் ஓரத்திலிருந்து செம்மஞ்சளாக ஏறி வரும். திருப்பிவிட்டு இன்னும் ஒரு நிமிஷம். பிறை மாதிரி வளைந்தால் உடனே எடுக்க வேண்டும். இரண்டு நுனியும் முட்டி வளையமானால் மாமியின் பல்லுப் பயிற்சிதான்.

இறாலை எடுத்து வைத்துவிட்டு அதே தாச்சியில் பட்டர், தட்டிய உள்ளி எட்டுப் பல், கறிவேப்பிலை, இடித்த செத்தல் மிளகாய். உள்ளி கருகமுதல் அரைக் கப் தேங்காய் முதற்பால். ஓரத்தில் குமிழ் வந்ததும் இறாலைத் திரும்பப் போட்டு ஒரு பிரட்டு, அடுப்பை அணைத்தேன். தேசிக்காய்ப் புளி அதற்கு அப்புறம்தான், கொதிக்கிற பாலில் விட்டால் திரைந்துபோகும்.

கண்ணாடி அலுமாரியில் தூங்கிய வெள்ளைப் பீங்கான் தட்டு அன்றைக்குத்தான் வெளியே வந்தது. மச்சாள் இடியப்பத்தைப் பிய்த்து அந்தப் பாலில் தோய்த்துவிட்டு, "இது எந்தக் கடையில எடுத்தது?" என்று கேட்டா. நான் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அந்தச் சந்தேகம் இருக்கட்டுமே.

*

மூதூரிலிருந்து இன்னொரு வாசகர் நான். உறைந்த இறால் பக்கெட் வாங்கி, ஐஸ் போகமுதலே தாச்சியில் போட்டேன். எண்ணெய் கூரை வரைக்கும் தெறித்தது, கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. இப்போது முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுவேன்.

*

நானும் ஒரு வாசகர்தான், என் அனுபவம் வேறு மாதிரி. வேலையிடத்து நண்பரை இறால் விருந்துக்குக் கூப்பிட்டேன். தட்டைப் பார்த்ததும் மனுஷன் கதிரையைப் பின்னால் தள்ளினார். இறால் சாப்பிட்டால் அவருக்குத் தொண்டை வீங்குமாம். கருவாட்டுக் கறியும் முட்டைப் பொரியலுமாகச் சமாளித்தேன், அதுவும் வேறு சட்டி, வேறு கரண்டியில். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

*

முதலில் எழுதியவள்தான் திரும்பவும். சொல்ல மறந்தது: தலையையும் ஓட்டையும் எறியாதீர்கள். கொஞ்ச எண்ணெயில் சிவக்க வதக்கி, தண்ணீர் விட்டுக் கால்மணி நேரம் கொதிக்கவைத்து வடித்தேன். மறுநாள் காலைச் சொதி அந்தத் தண்ணீரில்தான். மச்சாள் மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.